காலையில் ஓர் உயரம், மாலையில் ஓர் உயரம்: முதுகெலும்பு வட்டுக்குள் நீர் எப்படி வந்து போகிறது?

முதுகுவலிக்காக எம்.ஆர்.ஐ. எடுத்தவர்களின் ரிப்போர்ட்டில் அடிக்கடி தட்டுப்படுவது 'டிஸ்க் டெசிக்கேஷன்'. முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் வட்டில் நீர் குறைந்திருக்கிறது என்பது அதன் பொருள். ரிப்போர்ட் வீடு வந்து சேர்வதற்குள் அது 'ஜவ்வு காய்ந்துபோய்விட்டது' என்று ஆகிவிடுகிறது. வைத்தியம் சொல்லவும் ஆள் இருக்கிறார்: "தண்ணீர் நிறையக் குடி, தானாகச் சரியாகிவிடும்."

காவலர் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்களிடம் வேறொரு பேச்சு உலவுகிறது. உயரம் அளக்கும் நாளன்று கடைசி நிமிடம் வரை படுத்தே இருந்தால் ஒரு சென்டிமீட்டர் கூடுமாம். கம்பியில் தொங்கினால் நிரந்தரமாகவே உயரலாம் என்று விளம்பரம் செய்து காசு பார்ப்பவர்களும் இருக்கிறார்கள்.

இந்த மூன்றும் ஒரே உண்மையின் மூன்று துண்டுகளைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. எதில் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால், வட்டுக்குள் நீர் எதனால் நுழைகிறது, எதனால் வெளியேறுகிறது என்று தெரிந்தாக வேண்டும்.

அளந்து பார்த்தவர்கள்

காலையில் சற்று உயரமாகவும் இரவில் சற்றுக் குட்டையாகவும் இருக்கிறோம் என்பது இன்று நேற்று தெரிந்த செய்தி அல்ல. இங்கிலாந்தில் எய்ன்ஹோ என்ற ஊரில் பாதிரியாராக இருந்த ஜோசப் வாஸ், 1724இல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் இதைப் பற்றி எழுதினார். 1935இல் டி புக்கி என்பவர் 5 வயது முதல் 90 வயது வரை 1,216 பேரை அளந்து, ஒரு நாளின் ஏற்ற இறக்கம் சராசரியாக 15.7 மில்லிமீட்டர் என்று வெளியிட்டார்.

இன்றும் அதிகம் எடுத்துக்காட்டப்படுவது 1985இல் பிரிட்டனில் டைரல், ரெய்லி, ட்ரூப் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வு. அதில் கிடைத்த சராசரி வித்தியாசம் 19.3 மில்லிமீட்டர், அதாவது உயரத்தில் சுமார் 1.1 சதவீதம். 170 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவர் காலைக்கும் இரவுக்கும் இடையே கிட்டத்தட்ட 2 சென்டிமீட்டர் குறைகிறார். இந்தக் குறைவு நாள் முழுவதும் சீராக நடப்பதில்லை. மொத்தக் குறைவில் பாதிக்கு மேல், 54 சதவீதம், எழுந்த முதல் ஒரு மணி நேரத்திலேயே நடந்துவிடுகிறது. இரவிலும் அப்படித்தான்: இழந்ததில் சுமார் 70 சதவீதம் தூக்கத்தின் முதல் பாதியிலேயே திரும்பிவிடுகிறது.

குதிகாலின் கொழுப்புத் திண்டும் முழங்காலின் குருத்தெலும்பும் நின்றால் கொஞ்சம் அமுங்கும். அவற்றின் பங்கு சிறிது. கணக்கில் பெரும்பகுதி முதுகெலும்பு வட்டுகளுடையது.

வட்டு என்பது என்ன

முதுகெலும்பு என்று நாம் சொல்வது ஒரே எலும்பு அல்ல. ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் முள்ளெலும்புகளின் வரிசை அது. கழுத்தின் மேல் இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவில் மட்டும் வட்டு கிடையாது. அதற்குக் கீழே இடுப்பு முடியும் இடம் வரை, ஒவ்வொரு இணைப்பிலும் ஒன்றாக மொத்தம் 23 வட்டுகள். எல்லாவற்றையும் அடுக்கினால் முதுகெலும்பின் நீளத்தில் ஏறக்குறைய கால்பங்கு வரும். இடுப்பில் இருப்பவைதான் பெரியவை, ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத் தடித்தவை. 2 சென்டிமீட்டர் குறைவை 23ஆல் வகுத்தால் வட்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வராது. அவ்வளவு நுணுக்கமான மாற்றம்தான் கூடிக் கூடி அளவுகோலில் தெரிகிறது.

ஒரு வட்டைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் இரண்டு பகுதிகள் தெரியும். வெளியே நார் வளையம்: கொலாஜன் என்ற உறுதியான புரத இழைகளால் ஆன 15 முதல் 25 அடுக்குகள். ஓர் அடுக்கின் இழைகள் இடப்பக்கம் சாய்ந்தால் அடுத்த அடுக்கின் இழைகள் வலப்பக்கம் சாயும், அதனால் எந்தத் திசையில் திரும்பினாலும் ஏதோ ஒரு பாதி இழுத்துப் பிடிக்கும். நடுவே மையக் கூழ்: இளம் வயதில் ஒளி ஊடுருவும் வழுவழுப்பான பொருள், எடையில் 80 சதவீதத்துக்கும் மேல் நீர். மேலும் கீழும் மெல்லிய குருத்தெலும்புத் தகடுகள் வட்டை எலும்போடு ஒட்டவைத்திருக்கின்றன.

ஒட்டவைத்திருக்கின்றன என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 'டிஸ்க் விலகிவிட்டது' என்று சொல்கிறோமே, வட்டு அப்படி வழுக்கிக்கொண்டு எங்கும் போவதில்லை. நார் வளையம் கிழிந்த இடத்தில் உள்ளே இருக்கும் கூழ் பிதுங்குகிறது, அவ்வளவுதான். தட்டி உள்ளே தள்ளுவதற்கு அங்கே எதுவும் நழுவிக் கிடக்கவில்லை.

இன்னொரு விஷயம்: வளர்ந்தவரின் வட்டில் வெளி விளிம்பைத் தவிர ரத்தக் குழாய்களே இல்லை. நீரோ சத்தோ, பெரும்பாலும் அந்தக் குருத்தெலும்புத் தகடுகள் வழியாகக் கசிந்துதான் வந்தாக வேண்டும்.

பஞ்சு அல்ல, டயப்பர்

வட்டைப் பஞ்சோடு ஒப்பிடுவது வழக்கம். அழுத்தினால் நீர் போகும், விட்டால் உறிஞ்சும். பார்க்க அழகான ஒப்பீடுதான், ஆனால் முக்கியமான இடத்தில் காலை வாருகிறது. ஈரப் பஞ்சின் மேல் ஓர் ஆள் ஏறி நின்றால் சில நொடிகளில் அது தட்டையாகிவிடும். வட்டோ நாள் முழுக்க உடலின் எடையைத் தாங்கியும் தன் நீரில் பெரும்பகுதியை விட்டுக்கொடுப்பதில்லை.

பொருத்தமான பொருள் வேறொன்று இருக்கிறது: கடையில் விற்கும் குழந்தை டயப்பர். புதியது ஒன்றைப் பிரித்து, உள்ளிருக்கும் பஞ்சை ஒரு தட்டின் மேல் உதறினால் ரவை போன்ற வெள்ளைத் துகள்கள் கொட்டும். அரை டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு நிமிடத்தில் துகள்கள் ஊதிப் பெருத்து, தட்டைச் சாய்த்தாலும் வழியாத கூழாகிவிடும். விரலால் அழுத்திப் பாருங்கள், பஞ்சில் வடிவதுபோல் நீர் வடியாது. இப்போது ஒரு கரண்டி உப்பைத் தூவிக் கிளறுங்கள். கூழ் தளர்ந்து, பிடித்துவைத்திருந்த நீர் தட்டில் கசிந்து நிற்கும். (விளையாடி முடித்ததும் குப்பையில் போடுங்கள். சிங்க்கில் கொட்டினால் குழாய் அடைத்துக்கொள்ளும்.)

அந்தத் துகள்கள் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளால் ஆனவை. சங்கிலி நெடுக எதிர் மின்னூட்டங்கள் பதிந்திருக்கின்றன. அவற்றைச் சமன்செய்ய நேர் மின்னூட்டம் கொண்ட சோடியம் அயனிகள் அருகிலேயே கூடி நிற்கின்றன. ஓரிடத்தில் இப்படிக் கரைபொருள் செறிந்து நின்றால், செறிவு குறைந்த பக்கத்திலிருந்து நீர் அங்கே நகர்ந்து வரும். இந்த நகர்வுக்கு ஊடுபரவல் என்று பெயர். வெளியே உப்பைக் கொட்டினால் வெளியிலும் செறிவு ஏறிவிடுகிறது, உள்ளே இழுக்கும் விசை தளர்ந்துவிடுகிறது.

வட்டின் மையக் கூழில் நடப்பதும் இதே இயக்கம். அங்கே துகள்களின் வேலையைச் செய்வது அக்ரிகேன்: நடுவில் ஒரு புரதத் தண்டு, அதிலிருந்து தூரிகை மயிர்போல் நூறு சர்க்கரைச் சங்கிலிகள், அவற்றின் மேல் வரிசையாக எதிர் மின்னூட்டங்கள். அளவில் பெரிய மூலக்கூறு என்பதால் கொலாஜன் வலையை விட்டு அது எளிதில் வெளியேற முடியாது. அது இருக்கும் இடத்தில் சோடியம் கூடுகிறது, சோடியத்தைப் பின்தொடர்ந்து நீர் நுழைகிறது, கூழ் வீங்கி நார் வளையத்தைச் சுற்றிலும் தள்ளுகிறது. உள்ளிருந்து வரும் இந்தத் தள்ளலை வீக்க அழுத்தம் என்கிறார்கள்.

சுருக்கமாக: வட்டு நீரைச் சேமித்துவைக்கும் குடம் அல்ல. மின்னூட்டம் கொண்ட மூலக்கூறுகள் நீரை இழுத்துப் பிடித்திருக்கும் இடம். அந்த மூலக்கூறுகள் எவ்வளவு இருக்கின்றன, மேலிருந்து எவ்வளவு எடை அழுத்துகிறது என்ற இரண்டும் சேர்ந்துதான் உள்ளே எவ்வளவு நீர் தங்கும் என்று முடிவுசெய்கின்றன.

பகலில் ஒரு கை, இரவில் ஒரு கை

மேலிருந்து எவ்வளவு அழுத்தம் வருகிறது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை, நேரடியாகவே அளந்திருக்கிறார்கள். ஜெர்மனியின் உல்ம் நகர ஆய்வாளர்கள், தாமாக முன்வந்த 45 வயது எலும்பியல் மருத்துவர் ஒருவரின் இடுப்பு வட்டுக்குள் மெல்லிய அழுத்தமானியைச் செருகி, அவர் படுக்க, நடக்க, எடை தூக்க விட்டு அளந்தார்கள். முடிவுகள் 1999இல் வெளியாயின. மல்லாந்து படுத்தபோது 0.1 மெகாபாஸ்கல். ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் ஒரு கிலோ எடை வைத்தால் ஏறக்குறைய இந்த அளவு வரும். நின்றபோது 0.5. முதுகை வளைத்துக் குனிந்து 20 கிலோ தூக்கியபோது 2.3.

ஆக, மல்லாந்து படுத்திருந்தபோது இருந்ததைவிட நிற்கும்போது வட்டின் அழுத்தம் ஐந்து மடங்கு. இரவெல்லாம் குறைந்த சுமையில் வீங்கியிருந்த கூழுக்கு இது தாங்காது, நீர் கசியத் தொடங்குகிறது. நீர் போகப் போக இரண்டு காரியங்கள் நடக்கின்றன. எஞ்சிய நீரில் அக்ரிகேன் நெருக்கமாகிறது, அதனால் இழுக்கும் விசை கூடுகிறது. நீர் வழிந்தோட வேண்டிய நுண்ணிய இடைவெளிகளும் நெருங்கிவிடுகின்றன, அதனால் ஓட்டம் தடைபடுகிறது. முதல் மணி நேரத்தில் பாதிக்கு மேல் போய்விட்டு, பிறகு வேகம் தணிவது இதனால்தான். சுமையும் இழுவிசையும் சமமாகும் இடத்தை நோக்கி வட்டு மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கிறது.

படுத்தவுடன் கணக்கு தலைகீழாகிறது. சுமை சட்டென்று விலகுகிறது, பகலெல்லாம் செறிவேறிய இழுவிசை அப்படியே இருக்கிறது. நீர் திரும்பி வருகிறது, அதுவும் தொடக்கத்தில்தான் வேகமாக. மேலே சொன்ன அதே மருத்துவர் ஏழு மணி நேரம் தூங்கியபோது, அவர் வட்டின் அழுத்தம் 0.1இலிருந்து 0.24 மெகாபாஸ்கலாக உயர்ந்தது. யாரும் எதையும் அவர் மேல் ஏற்றிவைக்கவில்லை, உள்ளே வந்த நீர் செய்த வேலை அது.

பகல் குறைவு முழுவதும் நீரின் கணக்கு என்றும் சொல்ல முடியாது. நார் வளையம் சுமையில் சற்று வெளிப்புறம் பிதுங்குவதும் கொஞ்சம் உயரத்தைத் தின்கிறது.

தண்ணீர் குடித்தால் வட்டு நனையுமா?

உடலுக்கு நீர் வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஐந்து டம்ளர் குடிப்பவர் பத்து டம்ளர் குடித்தால் வட்டு கூடுதலாக நிரம்பும் என்பது நடக்காத காரியம். ரத்தத்தின் உப்புச் செறிவைச் சிறுநீரகங்கள் மிகக் குறுகிய எல்லைக்குள் வைத்திருக்கின்றன. தேவைக்கு மேல் குடித்தது கழிப்பறைக்குத்தான் போகும். ஒரு வட்டிலிருந்து பகலில் வெளியேறும் நீரும் ஒரு டீஸ்பூனை நிரப்பாத அளவுதான். அந்தச் சிறு அளவைத் தர உடலில் எப்போதும் நீர் இருக்கிறது. உள்ளே பிடித்துவைக்கப் போதிய அக்ரிகேன் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

ரிப்போர்ட்டில் வரும் டெசிக்கேஷன், அக்ரிகேன் குறைந்ததால் வரும் நீர்க் குறைவைக் குறிப்பது. எம்.ஆர்.ஐ.யின் ஒரு வகைப் படத்தில் நீர் நிறைந்த வட்டு வெளிறித் தெரியும், நீர் குறைந்தது கறுத்துத் தெரியும். வயது ஏற ஏற அக்ரிகேன் சிதைந்து குறைவதால், எல்லோருடைய படத்திலும் கருமை கூடிக்கொண்டே போகும். முதுகுவலியே இல்லாதவர்களின் படங்களைத் தொகுத்து ஆராய்ந்த 2015ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, 20 வயதினரில் 37 சதவீதம் பேருக்கும் 80 வயதினரில் 96 சதவீதம் பேருக்கும் வட்டுத் தேய்மானத்தின் அடையாளங்கள் இருந்ததாகச் சொல்கிறது. நரைமுடியைப் போல அதுவும் பெரும்பாலும் வயதின் தடம். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு வலிக்குக் காரணம் கண்டுபிடித்துவிட்டதாக நினைக்கக் கூடாது.

பயிற்சிக் கூடங்களில் சொல்லப்படும் இன்னொன்று: வட்டு அமுங்கி விரியும்போதுதான் அதற்குச் சத்து கிடைக்கிறது என்பது. குளுக்கோஸ், ஆக்சிஜன் போன்ற சிறிய மூலக்கூறுகள் செறிவு வேறுபாட்டால் தாமாகவே பரவிச் சேர்ந்துவிடும், நீரோட்டம் இல்லாமலே. பெரிய மூலக்கூறுகளுக்குத்தான் ஓட்டம் கைகொடுக்கிறது. நடைப்பயிற்சி நல்லது, அதற்கு இந்தக் காரணம் தேவையில்லை.

விடிகாலை முதுகு

இரவில் நீர் ஏறிய வட்டு காற்றேறியதுபோல் விறைப்பாக இருக்கும். அந்த நேரத்தில் முன்னால் குனிந்தால் நார் வளையத்தின் பின்பகுதி அதிகம் இழுபடும். விடிகாலையில் குனியும்போது இடுப்பு வட்டுகள் மீதான வளைவுச் சுமை, பின்னேரத்தைவிட சுமார் 300 சதவீதம் கூடுதல் என்று ஆடம்ஸ், டோலன், ஹட்டன் ஆகியோர் 1987இல் கணக்கிட்டார்கள். நாள்பட்ட இடுப்புவலி உள்ளவர்களை எழுந்த சில மணி நேரம் குனியாமல் இருக்கச் சொன்ன 1998ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில் வலி குறைந்தது.

வலி இல்லாதவர்கள் இதைப் படித்துவிட்டுப் பயப்பட வேண்டாம். காலங்காலமாக விடியலில் வாசல் பெருக்கிக் கோலம் போட்ட முதுகுகள்தான் நம் வீடுகளில் இருப்பவை. ஏற்கெனவே இடுப்பு பிடித்துக்கொள்பவர்கள், கனமான வேலையையும் முன்னால் குனியும் பயிற்சிகளையும் ஒரு மணி நேரம் தள்ளிவைத்தால் நல்லது.

விண்வெளியில் நாளெல்லாம் இரவு

சுமை நீங்கினால் உயரம் கூடும் என்றால், எடையே இல்லாத இடத்தில் என்ன ஆகும்? விண்வெளி வீரர்கள் 3 சதவீதம் வரை உயரலாம் என்கிறது நாசா. இதில் வட்டின் பங்கோடு முதுகெலும்பின் இயல்பான வளைவுகள் நிமிர்ந்துபோவதும் சேர்கிறது.

ஜப்பானிய வீரர் நோரிஷிகே கனாய் 2018 ஜனவரியில், சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போய் மூன்று வாரத்தில் 9 சென்டிமீட்டர் வளர்ந்துவிட்டதாகவும், திரும்பும் சோயூஸ் கலத்தின் இருக்கையில் அடங்குவோமா என்று கவலையாக இருப்பதாகவும் பதிவிட்டார். உலகமெங்கும் செய்தியானது. ரஷ்யக் கமாண்டர் சந்தேகம் எழுப்ப, மறுபடி அளந்தார்கள். 180 சென்டிமீட்டர் ஆள் 182 ஆகியிருந்தார், அவ்வளவுதான். பொய்ச் செய்தி பரப்பியதற்கு மன்னிப்பும் கேட்டுக்கொண்டார். மருத்துவம் படித்தவரே அளவுகோலில் ஏமாறலாம் என்பது நமக்கு ஆறுதல்.

உயரம் அளக்கும் இடங்களில்

தமிழ்நாடு காவலர் தேர்வில் பெரும்பாலான பிரிவுகளைச் சேர்ந்த ஆண்களுக்கு 170 சென்டிமீட்டர் வேண்டும். அரை சென்டிமீட்டர் வித்தியாசத்தில் வாய்ப்பு தவறுகிறவர்கள் உண்டு. படுத்திருந்தால் கூடுமா? கூடும், ஆனால் நிலைக்காது. எழுந்த முதல் மணி நேரத்தில் பாதி போய்விடுகிறது, மைதானத்தில் வரிசையில் நின்றால் மீதியும் கரைகிறது. பகலில் சிறிது நேரம் படுத்தாலும் சில மில்லிமீட்டர் திரும்பும், நின்றதும் அதுவும் இறங்கத் தொடங்கும். கம்பியில் தொங்குவதற்கும் இதே விதி. எலும்பின் வளர்ச்சித் தகடுகள் மூடிவிட்ட பிறகு எந்தக் கம்பியும் எலும்பை நீட்டாது. பிற்பகல் அணியில் அளக்கப்பட்டவர், காலை அணிக்குச் சாதகம் என்று குறைபட்டால் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் பெரும் இறக்கம் எழுந்தவுடனேயே முடிந்துவிடுவதால், காலை 10 மணிக்கும் மாலை 3 மணிக்கும் உள்ள வேறுபாடு சில மில்லிமீட்டர்களுக்குள்தான் இருக்கும்.

குழந்தைகளை அளக்கும்போதுதான் நேரம் இன்னும் முக்கியம். பள்ளி வயதுக் குழந்தை ஆண்டுக்கு 5 அல்லது 6 சென்டிமீட்டர் வளர்கிறது, மூன்று மாதத்துக்கு ஒன்றேகால் முதல் ஒன்றரை. முதல் முறை விடிந்ததும் அளந்துவிட்டு, மூன்று மாதம் கழித்து இரவில் அளந்தால் அந்த வளர்ச்சியில் பெரும்பகுதி காணாமல் போயிருக்கும். இல்லாத நோய்க்கு அலைய வேண்டிவரும். எந்த நேரமானாலும் சரி, ஒவ்வொரு முறையும் அதே நேரத்தில் அளப்பதே முறை. வளர்ச்சியைக் கண்காணிக்கும் மருத்துவர்கள் குழந்தையின் தலையைக் காதுக்குப் பின்னால் பிடித்து லேசாக மேலே தூக்கி அளப்பதும் இந்தப் பகல் குறைவைச் சரிக்கட்டத்தான்.

திரும்பி வராத குறைவு

இதுவரை சொன்னதெல்லாம் போய்த் திரும்பும் உயரம். வயதானபின் குறைவது திரும்புவதில்லை. 40 வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில் பலர் குறைகிறார்கள். வட்டுகள் மெலிவதும் முதுகு கூனுவதும் அதற்குக் காரணம். எலும்பு அடர்த்தி குறைந்தவர்களுக்கு, குறிப்பாக மாதவிடாய் நின்ற பெண்களுக்கு, முள்ளெலும்பே நசுங்கிவிடுவதும் உண்டு. அது பல நேரங்களில் வலியே இல்லாமல் நடந்துவிடும். எப்போதும் கட்டும் புடவை திடீரென்று தரையில் புரள்கிறது என்று அம்மா சொன்னால் அளவு நாடாவை எடுக்கலாம்.

இளமையில் இருந்த உயரத்தைவிட 4 சென்டிமீட்டருக்கு மேல் குறைந்திருந்தால், மருத்துவர்கள் முதுகெலும்பு எக்ஸ்ரேவும் எலும்பு அடர்த்திப் பரிசோதனையும் எடுக்கச் சொல்வார்கள். பழைய மருத்துவச் சீட்டில் உள்ள உயரம் காலையில் அளந்ததா மாலையில் அளந்ததா என்று தெரியாமல் போகலாம். ஒரு நாளின் ஏற்ற இறக்கம் சுமார் 2 சென்டிமீட்டர்தான் என்பதால், 4 சென்டிமீட்டர் குறைவுக்கு நேரத்தின் மேல் பழி போட முடியாது.